சம்பளக் கணக்கில் பிழை மாதாமாதம் கூடுகிறதா? செக்ரோல் வரை பின்னால் போய்ப் பாருங்கள்

இலங்கையின் தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் சம்பள மென்பொருளின் முன் புதிதாக உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். செக்ரோல் என்பது ஒவ்வொருவரின் நாள் வேலையையும் கிலோவையும் எழுதும் பதிவேடு. அட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் நாங்கள் பட்ட பாடு இது. சம்பளச் சீட்டோடு வந்து நின்றவர்கள் முதல் மாதம் 4 பேர், அடுத்த மாதம் 9, பிறகு 17. ஒவ்வொரு முறையும் சீட்டைத் திருத்தி, குறைந்த காசைக் கொடுத்து அனுப்பினோம். அது பெரிய தவறு. சீட்டைத் திருத்தியதும் தடயமும் அழிந்துவிட்டது.

1. திருத்துவதற்கு முன் எழுதுங்கள். ஒரு கொப்பி போதும். யார், எந்த டிவிஷன், எந்த நாள், பேரில் (ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர்) பிழையா, கிலோவிலா, பிடித்தத்திலா, எத்தனை ரூபாய் வித்தியாசம்.

2. பிழை கூடும் விதத்தைப் பாருங்கள். ஒரே மாதத்தில் எல்லோருக்கும் குழம்பினால், அந்த மாதம் எதையோ மாற்றியிருக்கிறார்கள். 2024 செப்டம்பரில் நாள் சம்பளம் 1350 ரூபாயானபோது, புதிய தொகையைப் போட்டுவிட்டு அது நடைமுறைக்கு வரும் திகதியைத் தவறாகப் பதிந்தால் இப்படித்தான் ஆகும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூடினால் கதை வேறு. எங்கேயோ ஒன்று சேர்ந்துகொண்டே போகிறது. அப்போது சூத்திரத்தை விட்டுவிட்டு ஆட்பதிவைத் தேடுங்கள்.

3. ஒரு சீட்டைக் கையால் போட்டுப் பாருங்கள். நாள் சம்பளம் 1350 ஆக இருந்த மாதமானால், 20 பேருக்கு, அதாவது 20 நாள் வேலைக்கு, 27,000 ரூபாய். இபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) நூற்றுக்கு 8 வீதம், 2,160 ரூபாய். தோட்டம் கட்டவேண்டிய 12 வீத இபிஎஃப்பும் 3 வீத இடிஎஃப்பும் (ஊழியர் நம்பிக்கை நிதி) தொழிலாளியின் சம்பளத்தில் பிடிபடக்கூடாது. பிடிபட்டிருந்தால் பிழை அங்கேயே இருக்கிறது.

4. பின்னால் நடங்கள். சீட்டு, மாதக் கணக்கு, நாள் பதிவு, செக்ரோல், கடைசியில் கொழுந்தை எடை போட்ட இடம். எண் முதன்முதலில் எங்கே மாறுகிறதோ அங்கே நில்லுங்கள். இந்தப் படியில் அவசரப்படவே கூடாது.

ஓர் அக்கா வந்து, "தம்பி, அன்னைக்கு 24 கிலோ போட்டேன், மேல் கிலோ காசு ஒன்னும் வரல்லயே" என்றார். செக்ரோலில் 24 சரியாக இருந்தது. மென்பொருளிலோ 13 ஓரிடத்தில், 11 இன்னோரிடத்தில். அவர் இரண்டு ஆட்களாகப் பதிவாகியிருந்தார்! காலைக் கொழுந்து ஒரு பதிவில், மாலைக் கொழுந்து மற்றதில். இரண்டிலும் அரைப்பேர் விழுந்ததால் நாள் சம்பளம் சரியாக வந்தது, மொத்தக் கணக்கும் பொருந்தியது. ஆனால் மேல் கிலோ காசு தொடங்கும் 20 கிலோ என்ற அளவை எந்தப் பதிவும் தாண்டவில்லை. கிலோவுக்கு 50 ரூபாய் வீதம் 200 ரூபாய் போய்விட்டது. மழையில் நனைந்து பறித்த கொழுந்தின் காசு அது.

5. "ஏன்" என்று விடாமல் கேளுங்கள். ஏன் இரண்டு பதிவு? பழைய அடையாள அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும். 2016 முதல் வரும் அட்டையில் 12 இலக்கம். அட்டை மாற்றியவர்கள் புதிய இலக்கத்தைக் கொண்டுவந்தபோது, தேடிக் கிடைக்காததால் புதிய ஆளாகவே பதிந்திருக்கிறார்கள். மாதாமாதம் சிலர் அட்டை மாற்றினார்கள், பிழையும் மாதாமாதம் கூடியது.

6. காரணத்தைச் சோதியுங்கள். பழைய இலக்கத்தில் எழுத்தை எடுத்துவிட்டு, முன்னால் 19 சேருங்கள். பழைய இலக்கத்தின் முதல் ஐந்து எண்களுக்குப் பிறகு ஒரு 0 போடுங்கள். அதுவே புதிய இலக்கம். எல்லோருடையதையும் இப்படி மாற்றி வரிசைப்படுத்தினால் இரட்டைப் பதிவுகள் அடுத்தடுத்து வந்து நிற்கும். எக்செல்லில் செய்வதானால் அந்த நிரலை முதலிலேயே எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் 12 இலக்கமும் சுருங்கித் தெரியும்.

முறைப்பாடு சொல்லாதவர்களின் பெயர்களும் அதில் வரும். உங்கள் ஊகம் சரியென்றால் அவர்களுக்கும் காசு குறைந்திருக்க வேண்டும். எங்களுக்கு அப்படித்தான் இருந்தது.

7. பிறகுதான் திருத்தம். முதலில் முழுப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் பதிவுகளை இணைத்துப் பாருங்கள். பழைய இபிஎஃப் இலக்கமே தொடரவேண்டும். புதிய ஆளைப் பதியும்போது இரண்டு வடிவத்திலும் தேடும்படி மென்பொருள்காரரிடம் கேட்டு வாங்குங்கள். நிலுவையைக் கொடுக்கும்போது, எந்த நாள் எத்தனை கிலோ விடுபட்டது என்று எழுதிய தாளையும் கூடவே கொடுங்கள். வந்து கேட்காதவர்களை, காலையில் வேலைக்கு எல்லோரும் கூடும் பிரட்டுக்களத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுங்கள்.