வேளாங்கண்ணிக்குப் போகிறவர்கள் கோடியக்கரைக்கும் ஒரு நடை போய் வாருங்கள்

ஆகஸ்ட் 29-இல் கொடியேறி செப்டம்பர் 8-இல் முடியும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் பினாங்கிலிருந்து பலர் கிளம்புவோம். அதே நாட்களில்தான் சைபீரியாவில் குஞ்சு பொரித்த உள்ளான்கள் என்னும் சிறு கரையோரப் பறவைகள், வேதாரண்யம் பக்கத்துப் பறவைச் சரணாலயமான கோடியக்கரைக்கு வந்துகொண்டிருக்கும். பயணத்தில் இரண்டு நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.

பூநாரைக் கூட்டம் பார்க்க டிசம்பரில் வரச் சொல்வார்கள். அது சரிதான். ஆனால் கரையோரப் பறவைகளை நிறத்தோடு பார்க்க ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும் நல்ல வாய்ப்பு. அலகு கீழே வளைந்த உள்ளானைக் கவனியுங்கள். வயிற்றில் செங்கல் சிவப்பு திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும், இடையிடையே புது வெள்ளை இறகு முளைத்திருக்கும். டிசம்பரில் அதே பறவை வெறும் சாம்பலும் வெள்ளையும். அதன் காலடியில் குடுகுடுவென்று ஓடுவது கொசு உள்ளான். அக்டோபருக்குப் பிறகு மழை, புயல் பயமும் உண்டு; 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறியது வேதாரண்யம் பக்கம்தான்.

பினாங்கின் தெலுக் ஆயர் தாவார் சேற்றுக்கரையில் ஓத நேரம் பார்த்துப் போய்ப் பழகியவர்களுக்கு ஒரு சேதி: கோடியக்கரையில் ஓதம் சிறியது, ஓத அட்டவணையை நம்பிப் பயனில்லை. உப்பளங்களில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும் பாத்திகளைத் தேடுங்கள், பறவைகள் அங்கேதான் மேயும். உப்பளம் தனியார் இடம். வேலை செய்பவரிடம் “அண்ணே, வரப்பு மேல நின்னு பறவை பாத்துக்கலாமா?” என்று கேட்டுவிட்டு நில்லுங்கள். சேற்றில் மட்டும் இறங்காதீர்கள், கால் புதைந்துவிடும்.

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் இருக்கிறது. அங்கிருந்து தஞ்சாவூர், திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம். திருவிழா நேரத்தில் வேளாங்கண்ணியில் அறை கிடைப்பது கஷ்டம், அதனால் வேதாரண்யத்திலேயே தங்குங்கள். கோடியக்கரை பக்கத்தில்தான், பேருந்தும் ஓடுகிறது. சரணாலயத்துக்குள் போக வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். உள்ளே வெளிமான்களும் மேயும்.

விடியும்போதே களத்தில் இருங்கள். ஒன்பது மணிக்கு மேல் உப்பு வெள்ளையில் கண் கூசும், கானல் அலையில் பைனாகுலரும் உதவாது. தொப்பி, தண்ணீர் கட்டாயம். டிரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்: 2022 முதல் இந்தியாவுக்குள் டிரோன் கொண்டுபோகத் தடை, அது தலைக்கு மேல் பறந்தால் ஆயிரக்கணக்கான மைல் பறந்து களைத்து வந்த பறவைகள் மேய்ச்சலை விட்டுவிட்டு மறுபடி எழும்ப வேண்டியிருக்கும்.