தெளிந்த தண்ணீரை அப்படியே நம்பாதீர்கள்

போன மாதம் ஒரு ஏரித் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில், புதிதாகச் சேர்ந்த பையன் ஜார் டெஸ்ட் போட்டுக்கொண்டிருந்தான்; எவ்வளவு ஆலம் (படிகாரம்) போட்டால் தண்ணீர் தெளியும் என்று பீக்கர்களில் பார்க்கும் சோதனை அது. ஆறு பீக்கரில் எது நன்றாகத் தெளிந்ததோ, அதன் ஆலம் அளவைக் குறித்துக்கொண்டு எழுந்துவிட்டான். இருபது வருடம் முன்பு நானும் அப்படித்தான் எழுந்தேன்.

கலங்கல் போனால் எல்லா அழுக்கும் போச்சு என்று நினைப்பது

மண் துகள் கண்ணுக்குத் தெரியும். இலைதழை மக்கிக் கரைந்த ஹியூமிக், ஃபல்விக் அமிலங்கள் அப்படித் தெரிவதில்லை. குளோரின் இவற்றோடு வினைபுரிந்துதான் குளோரோஃபார்ம் மாதிரியான, உடலுக்குக் கேடான ட்ரைஹாலோமீத்தேன்கள் உண்டாகின்றன. மண்ணைப் படியவைக்கும் ஆலம் இவற்றுக்குப் பெரும்பாலும் போதாது. அளவைக் கூட்ட வேண்டும், பி.எச். 5.5–6.5க்கு இறங்கவும் வேண்டும்.

நான் செய்தது நேர்மாறு. மழைக்குப் பிறகு டீ நிறத்தில் தண்ணீர் வந்தது. பி.எச். இறங்குகிறதே என்று பயந்து, ஆலத்தோடு சுண்ணாம்பையும் விட்டேன். கட்டி நன்றாகத் திரண்டது, கலங்கல் 1 என்.டி.யு.வுக்குக் (கலங்கலை அளக்கும் அலகு) கீழே. அப்புறம் பார்த்தால், போடுகிற குளோரின் எல்லாம் காணாமல் போகிறது. கடைசிக் குழாயில் கொஞ்சமாவது நிற்க வேண்டுமே என்று இன்னும் ஏற்றினேன். பரிசோதனை முடிவில் குளோரோஃபார்ம், இந்தியத் தர வரம்பான லிட்டருக்கு 0.2 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது.

பி.எச்.சை ஏற்றிவிடும் சுண்ணாம்பை வடிகட்டிக்குப் பிறகுதான் விட வேண்டும். இதை எத்தனை பேரிடம் சொல்லியாயிற்று! காரத்தன்மை மிகுந்த தண்ணீரில் ஆலம் மட்டும் பி.எச்.சைப் போதுமான அளவு இறக்காது, கொஞ்சம் அமிலமும் வேண்டியிருக்கும். ஒவ்வொரு பீக்கர் நீரையும் வடிகட்டி, 254 நானோமீட்டர் புற ஊதா ஒளியை அது எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பாருங்கள்; கரிமப் பொருள் எவ்வளவு மிச்சம் என்று அது காட்டும். சில நிமிட வேலை. ஒரு சென்டிமீட்டர் குவளையில் வந்த எண்ணை 100ஆல் பெருக்கி, லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் கரைந்த கரிமக் கார்பன் என்பதால் வகுங்கள். மூல நீரில் 4க்கு மேல் என்றால் ஆலம் கைகொடுக்கும். 2க்குக் கீழே என்றால் மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் பெரிதாகப் பலன் இராது.

வாசலிலேயே குளோரின்

பாசி பெருகும் மாதங்களில், உள்ளே வரும் மூல நீரிலேயே குளோரின் போடத்தான் கை தானாகப் போகும். அதில் பாசிச் செல் உடைந்து, உள்ளே இருப்பதும் தண்ணீரில் கலந்துவிடும். கொஞ்ச நேரத்தில் ஆலம் அகற்றப்போகிற கரிமப் பொருளுக்கே குளோரினை ஊட்டுவானேன்? முடிந்தவரை வடிகட்டிக்குப் பின்னால் தள்ளுங்கள்.

பயந்துபோய் கிருமிநீக்கக் குளோரினைக் குறைப்பது

வேண்டவே வேண்டாம். காலரா இன்னும் ஊரை விட்டுப் போகவில்லை.

கரிப் படுகை இருக்கிறதே என்று இருந்துவிடுவது

கரைந்த கரிமப் பொருளைப் பிடித்துவைக்கத்தான் அந்தக் கரி; நிரம்பிவிட்டால் பெரிதாக எதையும் பிடிக்காது. கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால், பாதிப் பேர் அதைப் போட்டுக்கொடுத்த ஆளின் நம்பரைத் தேடுகிறார்கள்.