விறகடுப்பு புகைந்தால் முதலில் விறகைப் பாருங்கள்

கேஸ் வந்த பிறகும் குமரி மாவட்டத்துப் பல வீடுகளில் விறகடுப்பு போகவில்லை. சம்பா அரிசி வேகவும் கிழங்கு அவிக்கவும் அதுதான் தோது. ஆனால் அடுக்களையில் புகை மண்டினால் உடனே அடுப்புக் கட்டியவரைத் திட்டுகிறோம். பெரும்பாலும் குற்றம் விறகில்தான்.

பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அது ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால்தான் விறகு ஒழுங்காக எரியும். இல்லையென்றால் தீயின் சூடெல்லாம் ஈரத்தை ஆவியாக்கவே போய்விடும். நமக்கோ ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. விறகு காய நல்ல காலம் ஜனவரியிலிருந்து மே வரைதான். மே கடைசியில் ரப்பர் விறகை லோடு இறக்கிவிட்டு ஜூனில் எரிக்க நினைப்பது வீண். பொங்கல் முடிந்த கையோடு வாங்கிப் பிளந்துவிடுங்கள். உருட்டுக்கட்டையாகவே கிடந்தால் தோலுக்குள் ஈரம் அப்படியே நிற்கும். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். பூஞ்சையும் வண்டும் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். செங்கல்மேல் அடுக்கி, மேலே மட்டும் தார்ப்பாய் போடுங்கள். பக்கங்களையும் இழுத்து மூடினால் உள்ளே வேர்த்துப்போகும். இரண்டு துண்டுகளைத் தட்டிப் பாருங்கள்: காய்ந்தது கணீரென்று கேட்கும், ஈரம் மந்தமாகக் கேட்கும்.

அடுத்தது புகைக்குழாய். ஈர விறகின் புகை குழாய்க்குள் குளிர்ந்து தார் மாதிரி ஒட்டும், அதன்மேல் கரி படியும், வழி குறுகும். தடித்துப்போனால் அதுவே தீப்பிடிக்கும். தினமும் எரிக்கிற வீடு என்றால் மாதம் ஒருமுறையாவது, அடுப்பு ஆறியபின், நீளக் கம்பில் சாக்குத் துணியைக் கட்டி இழுத்துவிடுங்கள். குழாயின் வாய் முகட்டுக்கு மேலே நிற்க வேண்டும். தாழ்வாக நின்றால், ஆரல்வாய்மொழிப் பக்கம் அடிக்கிற காற்றுக்குப் புகை வீட்டுக்குள்ளேயே திரும்பும்.

தீ மூட்ட ஒட்டுப்பாலும் (ரப்பர் மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் பால்) பிளாஸ்டிக்கும் வேண்டாம். கன்னங்கரேலென்று புகைந்து அதே குழாயைத்தான் அடைக்கும். காய்ந்த ஓலையும் சிரட்டையும் இருக்கிற ஊரில் இதற்கு என்ன தேவை? அண்டி ஆபீஸ் தோடு, அதாவது முந்திரி ஆலையில் உடைத்துப் போடும் கொட்டை ஓடு, மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குபவர்களும் உண்டு. அதிலுள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும், அதன் புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். வீட்டு அடுப்புக்கு அது ஆகாது.

மழைக்காலத்தில் துணி காய வைக்கவோ குளிருக்கோ கனல் சட்டியைப் படுக்கையறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்துவதுதான் எல்லாவற்றையும்விட மோசம். புகையே இல்லையே என்று தோன்றும். ஆனால் கனலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

அப்புறம் சாம்பல். மேலே ஆறியிருந்தாலும் அடியில் மறுநாள் வரைகூட கனல் கிடக்கும். பிளாஸ்டிக் வாளியில் அள்ளாதீர்கள், கதம்பை (தேங்காய் மட்டை) குவியல் பக்கம் கொட்டாதீர்கள். நன்றாக ஆறியதைத் தென்னை மூட்டில் போடலாம், சாம்பல் சத்து கிடைக்கும். யூரியாவோடு மட்டும் கலக்க வேண்டாம், தழைச்சத்து அமோனியாவாகப் பறந்துவிடும்.