துக்கம் நடந்த வீட்டிலிருந்து ஒருவர் வேலைக்குத் திரும்பும்போது

ஊழியர் வீட்டில் சாவு என்று போன் வந்தால் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: யார் தவறியது, எப்போது எடுக்கிறார்கள், கையில் பணம் இருக்கிறதா. மூன்றாவதைக் கேட்கத்தான் எல்லோருக்கும் கூச்சம். ஆனால் ஃப்ரீசர் பெட்டி, பந்தல், நாற்காலி, வண்டி, வந்தவர்களுக்குச் சாப்பாடு என்று எல்லாமே அன்றைக்கே ரொக்கமாக வேண்டியவை. அரசு மருத்துவமனையில் இறந்திருந்தால் 155377 என்ற எண்ணில் இலவச அமரர் ஊர்தி கேட்கலாம். அந்த போனை நீங்களே போடுங்கள். அட்வான்ஸ் தொகையை அன்றே அனுப்பிவிடுங்கள், முதல் மாதச் சம்பளத்தில் பிடிக்காதீர்கள். எவ்வளவு என்பதை எல்லோருக்கும் ஒரே மாதிரி முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். ஆளைப் பார்த்துக் கொடுத்தால் "அவருக்கு அவ்வளவு, எனக்கு இவ்வளவுதானா" என்ற மனக்குறை வருஷக்கணக்கில் நிற்கும்.

லீவு விஷயத்தில் சட்டம் கைகொடுக்காது. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் தற்செயல் விடுப்பு 12 நாள் உண்டு. துக்கத்துக்கென்று தனியாக எதுவும் இல்லை. டிசம்பரில் அப்பாவை இழந்தவருக்கு அந்த 12 நாளும் ஏற்கெனவே தீர்ந்திருக்கலாம். அதனால் நிறுவனமே தனி லீவு வைக்க வேண்டும். அதைப் பிரித்து எடுக்கவும் விட வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்: "தொடர்ச்சியாக எடுத்தால்தான் உண்டு" என்பார்கள். ஐந்து நாள் உடனே வேண்டும், பதினாறாம் நாள் காரியத்துக்கு இரண்டு நாள், தாலுகா ஆபீஸுக்கும் பேங்குக்கும் அலைய இன்னும் சில நாள். கணவரை இழந்த முஸ்லிம் பெண் நான்கு மாதம் பத்து நாள் இத்தா, அதாவது வெளியே அதிகம் போகாமல் துக்கம் காக்கும் காலம், இருக்கக்கூடும். வீட்டிலிருந்து வேலை செய்ய வழி உண்டா என்று அவரிடமே கேளுங்கள்.

ஆபீஸிலிருந்து ஒரே ஒருவர் மட்டும் தொடர்பில் இருக்கட்டும். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். இப்படி அனுப்புங்கள்: "கவிதா, டெஸ்பாட்ச் வேலையை முருகன் பார்த்துக்கொள்வார். காரியம் முடியும்வரை ஆபீஸிலிருந்து யாரும் கூப்பிட மாட்டோம். புதன்கிழமை நான் வீட்டுக்கு வருகிறேன், சான்றிதழ் வேலை இருந்தால் எடுத்து வையுங்கள்." வாட்ஸ்அப் குழுவில் செய்தி போடும் முன் குடும்பத்தைக் கேளுங்கள். இறப்பின் காரணத்தை எழுதவே வேண்டாம்.

சான்றிதழ் வேலையில் நிறுவனத்தால் உண்மையிலேயே உதவ முடியும். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். வாரிசுச் சான்றிதழ் தாசில்தாரிடமிருந்து வரும். இறந்தவர் பி.எஃப். உள்ள வேலையில் இருந்தவரா என்று கட்டாயம் விசாரியுங்கள். படிவம் 20 பி.எஃப். தொகைக்கு, 10டி பென்ஷனுக்கு, 5ஐஎஃப் பி.எஃப்.போடு சேர்ந்த காப்பீட்டுக்கு. காப்பீட்டில் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அதற்கான சந்தாவை முதலாளி மட்டுமே கட்டுவதால் சம்பளச் சீட்டில் பிடித்தம் தெரியாது. அப்படி ஒன்று இருப்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாமல் போகிறது. இறந்தவர் பெயரில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) இருந்தால் ஈமச்சடங்குச் செலவுக்கு 15,000 ரூபாய் வரை உண்டு. இன்னொன்று: இறந்தது ஊழியரின் மனைவி என்றால், அவரே ஊழியரின் பி.எஃப்.பில் நாமினியாக இருக்கலாம். ஒன்றிரண்டு மாதம் கழித்து, பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பெயரை ஆன்லைனில் மாற்ற உதவுங்கள். அந்தத் திரையில் மனைவியின் பெயரைத் தனியாக உட்கார்ந்து நீக்குவது கொடுமை.

திரும்பி வரும் நாள், எல்லோரும் வரும் காலை ஒன்பது மணிக்கு வேண்டாம், பதினொரு மணிக்கு வரச் சொல்லுங்கள். வேலையை முழுதாகப் பிடுங்கிவிடாதீர்கள். பலருக்கு அதுதான் பிடிமானம். ஆனால் தூக்கம் இல்லாத ஆளைப் பவர் பிரஸ் மாதிரி ஆபத்தான இயந்திரத்தில் நிறுத்தவோ கேஷ் எண்ணவோ விடக்கூடாது. இரண்டு வாரம் அவர் வேலையை இன்னொருவர் சரிபார்க்கட்டும். "நானும் கூடவே போயிருக்கலாம்" என்று சொன்னால் தனியே விடாதீர்கள். வீட்டாரிடம் பேசுங்கள், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

விசாரிப்பு பதினாறோடு நின்றுவிடும், அதற்குப் பிறகுதான் வீடு வெறிச்சோடும். மூன்றாம் மாதத்தை காலண்டரில் குறித்து வைத்து ஒரு முறை கேளுங்கள். துக்கம் நடந்த பல வீடுகளில் அந்த வருஷம் தீபாவளி, பொங்கல் கிடையாது. போனஸை மேடையில் கூப்பிட்டுக் கொடுக்காமல் கணக்கில் போட்டுவிடுங்கள், வேட்டி சேலை தினத்துக்கு வற்புறுத்தாதீர்கள். வருஷத் திதிக்கு லீவு வேண்டுமா என்று ஒரு வாரம் முன்பே நீங்களே கேட்டுவிடுங்கள்.