சவரக் கத்தியைத் தொடும் முன் தோல்வாரைத் தொடுங்கள்

மடக்குச் சவரக் கத்தியில் முகம் மழிக்கப் பழக வேண்டும் என்று என் அக்காள் மகன் கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். சிங்கப்பூரின் ஜூரோங்கில் கடைசல் இயந்திரத்தோடு காலம் தள்ளியவன் நான். உளி மழுங்கினால் வேலை கெடும் என்பது என் கைக்குத் தெரியும். அதனால் என் பேச்சு கொஞ்சம் ஒருபக்கமாகத்தான் இருக்கும்: இந்த வித்தையில் முக்கால் பங்கு கத்தியின் கூரைக் காப்பது, மீதிக் கால் பங்குதான் முகத்தில் இழுப்பது. பழக வருகிறவர்கள் கன்னத்துக்குப் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது ஈரத்துக்கும், கூரை நிமிர்த்தும் தோல்வார் தொய்ந்துபோவதற்கும்தான்.

முதலில் கத்தி. அலகின் அகலத்தை அங்குலத்தில் எட்டில் இத்தனை பங்கு என்று சொல்வார்கள். முதல் கத்திக்கு 5/8 அல்லது 6/8 போதும், அதாவது 16 முதல் 19 மில்லிமீட்டர். முனை உருண்டையாக இருக்கட்டும். கூர்முனைக் கத்தி மீசையோரத்தில் அழகாக வெட்டும், காதுமடலையும் அதே அழகோடு வெட்டும். ஜெர்மனியின் சோலிங்கன், பிரான்சின் தியேர், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஆகிய ஊர்களின் பெயர் பொறித்த கத்திகளை நம்பலாம். சோலிங்கன் என்ற பெயரை யார் வேண்டுமானாலும் பொறித்துக்கொள்ள முடியாதபடி அங்கே சட்டமே இருக்கிறது. சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடப்படும்வரை பழைய கத்திகளைத் தேட எனக்கு ஓர் இடம் இருந்தது. இப்போது இணையம்தான் வழி. இருபது சிங்கப்பூர் வெள்ளிக்குப் பளபளவென்று வரும் கத்தியை வாங்காதீர்கள். அது கடிதத்தைப் பிரிக்க ஆகும்.

புதுக் கத்தி என்றால் கூராகத்தான் வரும் என்றும் நம்பிவிடக் கூடாது. விற்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: முகத்தில் வைக்கும் அளவுக்குத் தீட்டித் தருவீர்களா? 8000 அல்லது 12000 எண் கொண்ட மிக நுண்ணிய கல்லில் முடித்துத் தருவோம் என்று சொல்பவரிடம் வாங்குங்கள். தொடக்கத்திலேயே நீங்களே கல்லில் தீட்டப் புறப்பட்டால், முகத்தில் எரிவது கையின் குற்றமா கல்லின் குற்றமா என்று தெரியாமலேயே போய்விடும்.

பிளேடு மாற்றும் கத்தியில் பழகலாமே என்பார்கள். லிட்டில் இந்தியா பகுதியான தேக்காவில் முடிதிருத்தும் கடைகளில் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு புது பிளேடு என்பது சுகாதாரத்துக்குச் சரி. ஆனால் கற்றுக்கொள்கிறவனுக்கு அது கடுமையான வாத்தியார். எடை இல்லை, கூரோ அதிகம், சாய்வு சற்றுப் பிசகினாலும் கீறிவிடும். கனமான உண்மைக் கத்தி கொஞ்சம் பொறுத்துப் போகும்.

இனி வார். இங்கேதான் நான் நிதானமாகப் பேச வேண்டும்.

தோல்வாரில் கத்தி தேய்வதில்லை. கூரின் நுனி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மடங்கியிருக்கும், வார் அதை நிமிர்த்துகிறது. அலகின் முதுகு ஏன் தடிமனாக இருக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? கல்லிலோ வாரிலோ படுக்க வைத்தால் முதுகும் கூரும் ஒரே நேரத்தில் தொடும். சாய்வுக் கோணத்தைக் கத்தியே தனக்குள் வைத்திருக்கிறது. இயந்திரத்தில் கோணம் பிடித்தே வாழ்ந்த எனக்கு இதைப் பார்த்ததும் மரியாதை வந்துவிட்டது. நீங்கள் செய்ய வேண்டியது, முதுகைத் தூக்காமல் இருப்பது மட்டுமே.

வாரை எங்கே மாட்டுவது? வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் குளியலறையில் துண்டுக் கம்பியைத் தவிர வேறு பிடிப்பு இருக்காது, அதுவும் ஆடும். நான் வாசல் இரும்புக் கதவில்தான் மாட்டுகிறேன். காற்று வரும், வெளிச்சம் இருக்கும், கம்பி அசையாது. காலையில் நடைபாதையில் போகிற பக்கத்து வீட்டுச் சீனத் தாத்தா, நான் கத்தியோடு நிற்பதைப் பார்த்து முதலில் ஒதுங்கிப் போனார். இப்போது நின்று பார்த்து, வேகம் கூடிப்போனால் கையை அசைத்துக் காட்டுகிறார். அவர் சொல்வது சரிதான். வேகம் கூடாது.

வாரை விறைப்பாக இழுத்துப் பிடியுங்கள். தொய்ந்தால் கூர் உருண்டுபோகும். முதுகு முன்னே செல்ல, கூர் பின்னால் வர, கத்தியின் எடை மட்டும் பதியும்படி இழுக்க வேண்டும். கடைசிக்கு வந்ததும் கத்தியை முதுகின் மேல் புரட்டுங்கள், ஒருபோதும் கூரின் மேல் புரட்டாதீர்கள். அப்படிப் புரட்டினால் ஒரே நொடியில் வாரும் அறுபடும், கத்தியும் போகும். பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் அலகுக்கும் பிடிக்கும் நடுவிலுள்ள கத்தியின் கழுத்தைப் பிடித்து உருட்டினால் புரட்டல் தானாக வரும். வாரில் துணியும் தோலும் இருக்கும்: துணிப் பக்கத்தில் 20, தோல் பக்கத்தில் 40 அல்லது 50 முறை போய்வந்தால் போதும். அக்காள் மகனை முதல் வாரம் மழுங்கிய சாப்பாட்டுக் கத்தியில்தான் புரட்டப் பழக்கினேன். முறைத்தான், ஆனால் என் வார் தப்பியது.

சவரத்துக்குக் குளித்துவிட்டு வாருங்கள். முடி ஈரத்தில் ஊறினால்தான் இளகும். நுரையைத் தூரிகையால் நன்றாகக் குழைத்துப் பூசுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் நுரை காய்ந்து கத்தி தடுக்கும். வியர்க்கும்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். கதவைத் தாழிட்டுக்கொள்வது முக்கியம். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் உங்களை எதுவும் கேட்கக் கூடாது.

முதல் சில வாரங்கள் கன்னங்கள் மட்டும். மோவாய், மேலுதடு, கழுத்து எல்லாவற்றையும் பழைய ரேசரிலேயே முடியுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வலது கன்னத்துக்கு இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து, கிருதாவின் பக்கம் தோலை மேல்நோக்கி இழுத்துப் பிடியுங்கள். தோல் இறுகியிருந்தால் வேலை பாதி முடிந்தது. கத்தியின் முதுகு தோலிலிருந்து ஏறத்தாழ 30 பாகை விலகி நிற்கட்டும். முடி வளரும் போக்கிலேயே, கீழ்நோக்கி, இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள சின்ன இழுப்புகளாக எடுங்கள். அழுத்தக் கூடாது. பக்கவாட்டில் ஒருபோதும் நகர்த்தக் கூடாது, தக்காளி அறுபடுவது அந்த அசைவில்தான். மொறுமொறுவென்று மெல்லிய சத்தம் வந்தால் கோணம் சரி. முடியைப் பிடித்து இழுப்பதுபோல் வலித்தால் நிறுத்துங்கள். ஒன்று கத்தியை அதிகம் நிமிர்த்திவிட்டீர்கள், அல்லது வாரில் கூர் கெட்டுவிட்டது.

கழுத்துக்கு வரும் நாளில் முதலில் விரலால் தடவிப் பாருங்கள். பலருக்கு அங்கே முடி மேல்நோக்கியோ சாய்வாகவோ வளரும். எதிர்ப்போக்கில் மழிக்கும் ஆசையை இன்னும் சில மாதம் தள்ளிப்போடுங்கள். தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணியில் இருக்கும் தம்பிகள் முகாமுக்குத் திரும்பும் நாளில் பழக வேண்டாம், சனிக்கிழமை காலை போதும். முகப்பரு நிறைய இருப்பவர்களும், ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை சாப்பிடுபவர்களும் இந்தப் பக்கமே வராமலிருப்பது நல்லது. கத்தி கைநழுவினால் பிடிக்கப் போகாதீர்கள். தரையில் விழட்டும், காலை நகர்த்துங்கள்.

சின்னக் கீறலுக்குப் படிகாரம். தேக்கா மளிகைக் கடையில் கேட்டால் கிடைக்கும், திருஷ்டிக்கு வாசலில் கட்டுகிற அதே கட்டிதான். நனைத்துத் தடவினால் சுரீரென்று எரியும், ரத்தம் நிற்கும். கத்தியை மட்டும் யாருக்கும் இரவல் தராதீர்கள்.

கடைசியாக ஈரம். விடியற்காலையில் இந்த ஊர்க் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும், மழையில்லாத பிற்பகலில்தான் 60 பக்கம் இறங்கும். கார்பன் எஃகு கத்தியைக் குளியலறை அலமாரியில் ஓர் இரவு விட்டாலே கூரில் புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கத் தொடங்கலாம். கழுவும்போது குழாயில் தட்டாதீர்கள், கூர் பொரிந்துவிடும். மென்தாளால் முதுகிலிருந்து கூரை நோக்கித் துடையுங்கள். பிடிக்குள் அலகு மடங்கும் இடத்தையும் மறக்காதீர்கள், தண்ணீர் ஒளிந்திருப்பது அங்கேதான். கமேலியா எண்ணெயோ தையல் இயந்திர எண்ணெயோ ஒரு துளி பூசுங்கள். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசுக்கேறும். கேமராக்காரர்கள் லென்சைப் பாதுகாக்க வாங்கும் உலர்பெட்டி வீட்டில் இருந்தால் கத்திக்கும் அதில் ஒரு மூலை கேளுங்கள். வாரும் பூஞ்சணம் பிடிக்கும், அதைச் சுருட்டி வைக்காமல் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள்.

வாரில் எவ்வளவு இழுத்தாலும் கூர் தேறவில்லை என்றால் கல்லுக்கு நேரம் வந்துவிட்டது, தீட்டத் தெரிந்தவரிடம் கொடுங்கள். சாங்கி விமான நிலையம் வழியாக எங்காவது புறப்பட்டால் கத்தியைப் பதிவுசெய்யும் பெட்டியில் போடுங்கள். கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துக்கொள்வார்கள்.