கைக்குழந்தைக்கு ஆன்டிபயாடிக் வாங்குமுன்

சேலம் அஸ்தம்பட்டியில், ஏற்காட்டு பஸ் போகும் சாலையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மார்கழிப் பனி இறங்கிவிட்டால், குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு மலையிலிருந்து வரும் தாய்மார்கள் காலி ஆன்டிபயாடிக் பாட்டிலை மேசையில் வைத்து, “இதையே கொடுங்கள் அண்ணா” என்பார்கள். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் மருத்துவர் சீட்டில்லாமல் தருவதில்லை. கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறவர்களும் உண்டு. போகட்டும்.

பிறந்த முதல் சில மாதங்களில்தான் குடலில் பாக்டீரியாக்கள் குடியேறுகின்றன. எதை எதிர்ப்பது, எதைப் பொருட்படுத்தாமல் விடுவது என்று உடலின் எதிர்ப்புச் சக்தியைப் பழக்குவதில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆன்டிபயாடிக் நோய்க்கிருமியோடு இவற்றையும் அழித்துவிடுகிறது. இது பின்னாளில் ஆஸ்துமாவுக்கு வழிவிடலாம் என்ற சந்தேகம் உண்டு. கனடாவில் 2015இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஆஸ்துமா அபாயம் மிகுந்த குழந்தைகளின் மூன்றாம் மாத மலத்தில் ஃபீக்கலிபாக்டீரியம், லாக்னோஸ்பைரா, வெய்லோனெல்லா, ரோத்தியா ஆகிய நான்கு வகைப் பாக்டீரியாக்களும் குறைவாக இருந்தன. அந்நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2000 முதல் 2014 வரை கைக்குழந்தைகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பது குறைந்தது. அதே காலத்தில் ஒன்று முதல் நான்கு வயதுப் பிள்ளைகளிடம் புதிதாக ஆஸ்துமா கண்டறியப்படுவதும் 26 சதவீதம் குறைந்தது. மருந்து குறைந்ததால்தான் ஆஸ்துமா குறைந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. இளைப்பு வரும் பிள்ளைக்கு இந்த மருந்தும் அதிகமாக எழுதப்படுகிறதே! ஆனாலும் வேண்டாத பாட்டிலைத் தவிர்க்க இந்தக் காரணம் எனக்குப் போதும்.

சளி பச்சையாகிவிட்டது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் கேட்காதீர்கள். பெரும்பாலான சளி வைரஸால் வருவது. இந்த மருந்து வைரஸை ஒன்றும் செய்யாது. மூச்சை எண்ணுங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பது உதவாது, கைக்குழந்தையின் மூச்சு ஒரே சீராக ஓடாது. இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த அளவைத் தொட்டாலோ, விலாவுக்குக் கீழே உள்வாங்கினாலோ, பால் குடிக்காவிட்டாலோ, மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே ஆன்டிபயாடிக் கொடுத்தால், ஆஸ்துமா பயத்தில் மறுக்காதீர்கள். நிமோனியாவில் அது உயிர் காக்கும் மருந்து.

மற்ற நேரங்களில் மருத்துவரிடம், “ஓரிரு நாள் பார்த்துவிட்டுத் தொடங்கலாமா?” என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

தொடங்கிவிட்டால் அவர் சொன்ன அளவு, சொன்ன நாள்வரை. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். அதிலுள்ள சில சர்க்கரைகள் குழந்தைக்குச் செரிக்காது, குடல் பாக்டீரியாவுக்குத்தான் உணவு. பொடியாக வரும் மருந்தென்றால் முதலில் பாட்டிலைத் தட்டிப் பொடியை உதிர்த்து, கொதித்து ஆறிய நீரைப் பாதி விட்டுக் குலுக்கி, பிறகு கோடுவரை நிரப்புங்கள். மீந்ததை அடுத்த சளிக்கென்று எடுத்து வைக்காதீர்கள். கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த மருந்தைக் கலக்கியபின் ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும். ஏற்காட்டுக் குளிரே போதுமென்று ஜன்னலோரம் வைக்கிறார்கள், போதாது. வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லையென்றால் சீட்டு எழுதும்போதே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.