விண்டோஸ் 11க்கு மாறியபின் பகிர்வுக் கோப்புறை திறக்கவில்லையா? இந்த வரிசையில் பாருங்கள்

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்தது. அதையொட்டி விண்டோஸ் 11 புரோ, 24எச்2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்புக்கு மாறிய பலருக்கு வீட்டு நாஸ் பெட்டி (கோப்புகளைச் சேமித்து நெட்வொர்க் வழியே பகிரும் சாதனம்) திடீரென்று திறப்பதில்லை. பெட்டி பழுதாகவில்லை, கோப்புகளும் பத்திரமாக இருக்கின்றன. கடவுச்சொல் இல்லாமல் விருந்தினராக நுழைவதை விண்டோஸ் இப்போது தடுக்கிறது. விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் கைவைக்கும் முன் கீழே உள்ளதைச் செய்து பாருங்கள்.

முதலில் ஐபி முகவரி. ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.1.20 என்பதுபோல் உங்கள் நாஸின் எண்ணை இட்டு என்டர் தட்டுங்கள். திறந்துவிட்டால் சிக்கல் பெயரைக் கண்டுபிடிப்பதில் மட்டும்தான். ரௌட்டரில் அந்த எண்ணை நாஸுக்கென்றே ஒதுக்கி, டிரைவையும் எண்ணாலேயே இணைத்துக்கொள்ளுங்கள்.

80070035 என்று முடியும் பிழை வந்தால் இரண்டு சாதனங்களும் ஒரே நெட்வொர்க்கில் உள்ளனவா என்று பாருங்கள். சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி வீடுகளில் இணையச் சேவையோடு வந்த ரௌட்டர் ஒன்று, வீடு முழுக்க வைஃபை எட்ட நாமே வாங்கிய மெஷ் ஒன்று என இரண்டும் ரௌட்டராகவே ஓடுவது சகஜம். நாஸ் மெஷ்ஷின் 192.168.50 வரிசையிலும் மடிக்கணினி மற்றதன் 192.168.1 வரிசையிலும் இருந்தால் நாஸை எட்ட முடியாது. மெஷ்ஷை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு, அதாவது ரௌட்டர் வேலையை விட்டு வைஃபை மட்டும் தரும் முறைக்கு, மாற்றினால் போதும்.

அடுத்தது, பகிரும் கோப்புறை இன்னொரு விண்டோஸ் கணினியில் இருந்தால் மட்டும். அந்தக் கணினியில் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை அல்லது ஈத்தர்நெட் எனப் போய், 'பப்ளிக்' என்றிருப்பதைப் 'பிரைவேட்' ஆக்குங்கள். மேம்படுத்தலில் இது மாறிவிடுவதுண்டு. அட்வான்ஸ்ட் ஷேரிங் செட்டிங்ஸில் ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங் 'ஆன்' என்று இருக்கவேண்டும்.

பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான்: "உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை விருந்தினர் அணுகலைத் தடுக்கிறது" என்ற பொருளில் ஒரு செய்தி வரும். வீட்டுக் கணினியில் ஏது நிறுவனம் என்று குழம்பவேண்டாம். 24எச்2 முதல், புரோ பதிப்பு எஸ்எம்பி (நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிர விண்டோஸ் பயன்படுத்தும் நெறிமுறை) தரவு ஒவ்வொன்றிலும், அது இடையில் மாற்றப்படவில்லை என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம் கேட்கிறது. கையொப்பத்துக்கான சாவி கடவுச்சொல்லிலிருந்து உருவாகிறது. விருந்தினருக்குக் கடவுச்சொல் இல்லை, எனவே கையொப்பமும் இல்லை. விருந்தினர் அனுமதியை மட்டும் திறந்துவிட்டால் வேலை நடக்காததற்குக் காரணம் இதுதான், கையொப்பத்தையும் அணைக்கவேண்டியிருக்கும். இரண்டையும் அணைத்தால் அந்தக் கணினி எந்த வைஃபையில் சேர்ந்தாலும் போலி சர்வரை நம்பிவிடும். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சரியான வழி இது. நாஸின் நிர்வாகப் பக்கத்தில் ஒரு பயனர் கணக்கை உருவாக்கி, கடவுச்சொல் வைத்து, அந்தக் கோப்புறையில் படிக்கவும் எழுதவும் உரிமை கொடுங்கள். பிறகு விண்டோஸில் கன்ட்ரோல் பேனல், கிரெடென்ஷியல் மேனேஜர், விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ். அந்த நாஸுக்கான பழைய பதிவை அழித்துவிட்டு, ஐபி எண், பயனர் பெயர், கடவுச்சொல் மூன்றையும் புதிதாகச் சேருங்கள். பழைய டிரைவ் இணைப்பைத் துண்டித்துக் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். செய்யாவிட்டால் பழைய பெயரில் இணைப்பு உயிரோடு இருக்க, ஒரே சர்வருக்கு இரண்டு பயனர் பெயர்கள் கூடாது என்று 1219 பிழை வரும்.

மறுமுனையில் இருப்பது விண்டோஸ் கணினி என்றால் இன்னொரு பொறி உண்டு. தினமும் தட்டும் நான்கு இலக்க பின் நம்பர் அந்த ஒரு கணினிக்கு மட்டுமே உரியது. நெட்வொர்க் வழியே செல்லாது. மைக்ரோசாஃப்ட் கணக்கின் முழு மின்னஞ்சல் முகவரியும் உண்மையான கடவுச்சொல்லும் வேண்டும். கடவுச்சொல்லே வைக்காத கணக்கும் உதவாது. பகிர்வுக்கென்று அந்தக் கணினியிலேயே தனியாக ஒரு லோக்கல் கணக்கு திறப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. மின்னஞ்சல் கடவுச்சொல் மாறினாலும் பகிர்வு அறுந்துபோகாது.

கணக்கு சரியாக இருந்தும், கையொப்பம் செல்லாது என்று வந்தால் குறை நாஸ் பக்கம். சினாலஜி நிறுவனத்தின் நாஸ் என்றால் அதன் கன்ட்ரோல் பேனல், ஃபைல் சர்வீசஸ், எஸ்எம்பி, அட்வான்ஸ்ட் செட்டிங்ஸ் போய், குறைந்தபட்சம் எஸ்எம்பி2, அதிகபட்சம் எஸ்எம்பி3 என்று வையுங்கள். சர்வர் கையொப்பத்தையும் இயக்குங்கள். ரௌட்டரின் யூஎஸ்பியில் சொருகிய ஹார்ட் டிஸ்க் மிகப் பழைய பதிப்பான எஸ்எம்பி1 மட்டுமே பேசினால் அதோடு மல்லாடாதீர்கள். அந்த டிஸ்க்கைக் கழற்றிக் கணினியில் நேராகச் சொருகிப் படியெடுங்கள். நிரந்தரத் தீர்வுக்கு இரண்டு டிஸ்க் போடும் சிறிய நாஸ் போதும்.

தேக்காவிலோ ஜூரோங்கிலோ சிறு அலுவலகம் நடத்துபவர்களுக்கு ஒன்று. ஸ்கேன் செய்ததைக் கணினிக் கோப்புறைக்கு அனுப்பும் பழைய ஃபோட்டோஸ்டாட் இயந்திரமும் இதே எஸ்எம்பியைத்தான் நம்பியிருக்கிறது. முதலில் அதன் முகவரிப் புத்தகத்தில் மேலே சொன்ன லோக்கல் கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் போட்டுப் பாருங்கள். அப்படியும் போகவில்லையென்றால் எஸ்எம்பி2க்கான ஃபர்ம்வேர் (இயந்திரத்தின் உள்மென்பொருள்) உண்டா என்று சர்வீஸ்காரரைக் கேளுங்கள். இல்லையென்றால் ஸ்கேனை மின்னஞ்சலுக்கு அனுப்பும்படி மாற்றிவிடுங்கள். அந்த ஒரு இயந்திரத்துக்காக அலுவலகக் கணினிகளில் எஸ்எம்பி1ஐத் திரும்பக் கொண்டுவராதீர்கள். 2017இல் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை பரவியது எஸ்எம்பி1இல் இருந்த ஓட்டை வழியாகத்தான்.